மரைக்கு ஒரு குண்டு

கண்டிக்கு நான் போனது ஏலக்காய் பார்க்க. போன இடத்தில் ஏலக்காயைவிட அதிகமாகப் பார்த்தது ஈயத்தைத்தான். அதில் எனக்கு வருத்தம் இல்லை. போடிநாயக்கனூர்க்காரனுக்கு ஏலக்காய் என்ன புதிதா? எங்கள் தெருவில் நடந்தாலே சட்டையில் அந்த வாசனை ஒட்டிக்கொள்ளும்.

காசிம் முதலாளிக்குக் கண்டி கொழும்புத் தெருவில் கடை. மடுல்கலைக்கு மேலே மலைச்சரிவில் ஏலத் தோட்டமும் வீடும். எங்களுக்குள் தபாலில் நல்ல பழக்கம். நேரில் பார்த்தது அன்றுதான். கதிரை நிறைய உட்கார்ந்திருந்தவர் எழுந்து என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். ஏலக்காயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"உங்கட மலையில மரை ஈக்குதா முதலாளி?"

மரை என்பது நம்முடைய மிளா. கடமான் என்றும் சொல்வோம். இங்குள்ள துரைமார் அதை எல்க் என்கிறார்கள். இருக்கிறது என்றேன். வேட்டைக்குப் போனதுண்டா என்றார். நிறையப் போயிருக்கிறேன் என்றேன். பொய்யில்லை. எங்கள் பக்கத்து எஸ்டேட் துரை வேட்டைக்குப் போனபோதெல்லாம் கூடவே போயிருக்கிறேன். துப்பாக்கி அவர் கையில் இருக்கும், சாப்பாட்டுக் கூடை என் பொறுப்பில் இருக்கும். அந்த வித்தியாசத்தை முதலாளி கேட்கவில்லை, நானும் விளக்கவில்லை.

விஷயம் இதுதான். அவருடைய அக்கா ஸைனம்பு கணவனை இழந்தவர். அந்த அக்காவின் ஒரே மகளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து வீட்டில் கல்யாணம். சம்பந்தம் பேசும்போது மாப்பிள்ளையின் தகப்பனார், அக்குறணையில் பெரிய வியாபாரி, வேட்டை இறைச்சி சாப்பிட்டு வெகுநாளாயிற்று என்று பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். முதலாளி அங்கேயே, அத்தனை பேர் முன்னால், "கலியாணச் சோத்துக்கு மரை இறைச்சிதான்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். லைசென்ஸ் ஒரே ஒரு மரைக்கு. துவக்கோ வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற பழைய காலத்துத் துவக்கு. ஒரு வெடி தவறினால், மறுபடி மருந்து போட்டுக் கெட்டித்து முடிப்பதற்குள் மரை அடுத்த மலையில் நிற்கும்.

"ஒரு மரை, ஒரு வெடி. எந்தக் குண்டு போடுறதுன்னு நீங்கதான் சொல்லணும்," என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மத்தியானச் சாப்பாடு கடையின் பின்கட்டில் வந்தது. சிவப்பரிசிச் சோறு, பலாக்காய்க் கறி, மாசிச் சம்பல். இந்த மாசி காய்ந்த மீன்தான் என்றாலும், விறகுத்துண்டு மாதிரி இருக்கிறது. அதை இடித்து வெங்காயத்தோடு சேர்த்தால் இப்படி ஆகும் என்று யார் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் நன்றாக இருக்கட்டும். பிறகு பால் இல்லாத தேநீர். சர்க்கரை போட மாட்டார்கள். கித்துள் மரத்துக் கருப்பட்டியை ஒரு கடி கடித்துக்கொண்டு ஒரு வாய் குடிக்க வேண்டும். மூன்று கோப்பை குடித்தேன். சாயங்காலம் ஏரிக்கரையில் நடந்தபோது தூறல் விழுந்தது. யாரும் குடை விரிக்கவில்லை. இங்கே மழை வீட்டு ஆள் மாதிரி வந்து போகிறது. எங்கள் ஊரில் இதே தூறல் விழுந்தால் நாலு பேர் தெருவுக்கு வந்து வானத்தைப் பார்ப்பார்கள்.

மறுநாள் பஸ். மலைக்கு மோட்டார் பஸ் வர ஆரம்பித்த புதிது. மரப்பலகை ஆசனம், காலுக்கடியில் யாரோ கட்டிப்போட்ட கோழிகள். பாதி ஏற்றத்தில் வண்டியின் முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பியது. கண்டக்டர் குதித்துச் சக்கரத்துக்குக் கல் வைத்தான். வெற்றிலை மென்றுகொண்டிருந்த சிங்களக் கிழவி ஒருத்தி டிரைவரைப் பார்த்து ஏதோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது. முதலாளி எனக்கு மொழிபெயர்த்தார். கட்டுகஸ்தோட்டை ஆற்றில் குளிக்கிற யானைகளில் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருக்கலாம் என்றாளாம். யானைக்கு யார் டிக்கட் எடுப்பது என்று டிரைவர் கேட்டானாம்.

யானை இல்லாததால் நாங்கள் தள்ளினோம். நன்றாக மழை பிடித்துக்கொண்டது. என் வெள்ளை வேஷ்டி முழங்கால்வரை செம்மண்ணாகி, தோட்டத்து வீட்டை அடைந்தபோது எனக்கு முதல் தும்மல் வந்தது.

ஸைனம்பு ராத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு குசினி என்கிற சமையலறை வாசலில் வந்து நின்றார். ராத்தா என்றால் இவர்கள் பேச்சில் அக்கா. நானும் அப்படியே கூப்பிட்டேன். நான் வேட்டைக்காரன் என்று தம்பி அறிமுகப்படுத்தியதும் என்னைத் தலை முதல் கால்வரை பார்த்தார். உள்ளே போய்க் கொத்தமல்லித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"சூட்டோட குடிங்க தம்பி. தடுமல் புடிச்ச வேட்டைக்காரன மரைக்கு ஒரு மைலுக்கு அங்கால தெரியும்."

அடுத்த நாள் காலை குண்டுப் பரீட்சை. முதலாளி அலுமாரியைத் திறந்து மூன்று அச்சுகளை எடுத்து வைத்தார். ஒன்று கொட்டைப்பாக்கு அளவு உருண்டைக் குண்டுக்கு. இன்னொன்று மிளகைவிடச் சற்றுப் பெரிய ரவைக்கு. மூன்றாவது நீளக் குண்டுக்கு, முனை கூம்பி, அழகாக, ஊருக்குத் திரும்பிப் போன துரை ஒருவர் கொடுத்தது. ஈயத்துக்குப் பஞ்சமில்லை. தேயிலைப் பெட்டிகளின் உள்ளே ஒட்டும் ஈயத்தகட்டை ஒரு மூட்டையாகக் கொண்டுவந்திருந்தான் மாரிமுத்து. இவன் பக்கத்து எஸ்டேட்டில் வேலை செய்கிறவன். இரண்டு வேட்டைநாய் வளர்க்கிறான். தாத்தா காலத்தில் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். இவன் அந்த ஊரைப் பார்த்ததில்லை. ஆனால் என்னைப் பார்த்ததும் முதலில், "நம்ம ஊர்ல மழ பேஞ்சுச்சாங்க?" என்றுதான் கேட்டான். பெய்தது என்றேன். அவனுக்கு நிம்மதியாக இருந்தது.

நான் நீளக் குண்டைக் கையில் எடுத்தேன்.

"இதுதான். எங்கள் துரை இதைத்தான் போடுவார். பட்டால் மிளா ஓர் அடி நகராது. நின்ற இடத்திலேயே பிணம்."

முதலாளியின் முகம் விழுந்துவிட்டது. "பிணமானா என்னத்துக்கு முதலாளி?"

அப்போதுதான் சிக்கல் புரிந்தது. ஈயக் குண்டு அடித்துச் செத்த மிருகத்தை இவர்கள் வழக்கத்தில் சாப்பிடக்கூடாது. உயிர் இருக்கும்போதே போய்ச் சேர்ந்து, ஆண்டவன் பெயரைச் சொல்லி, கத்தியால் கழுத்தை அறுத்தால்தான் ஆகும். ஆக, குண்டு மரையை வீழ்த்தவும் வேண்டும், கொல்லவும் கூடாது. எங்கள் துரையிடம் இப்படி ஒரு குண்டு கேட்டிருந்தால் அவர் என்னைக் கூடையோடு மலையிலிருந்து உருட்டியிருப்பார்.

"எங்களுக்கு அந்தக் கஷ்டமே இல்லைங்க," என்றான் மாரிமுத்து. "செத்தாலும் சாப்பிடுவோம், சாகாட்டியும் சாப்பிடுவோம்." மரை பிணமாக விழுந்தால் முழுவதும் அவன் குடியிருக்கும் லயத்துக்குத்தான் போகும். அந்த ஆசையை அவன் மறைக்கவும் இல்லை.

இருந்தாலும் என் நீளக் குண்டை நான் விடவில்லை. மருந்தைக் குறைத்தால் சரியாகிவிடும் என்றேன். சரி, போட்டுப் பார்ப்போம் என்று பெட்டிப் பலகை ஒன்றைப் பலாமரத்தில் சாய்த்துச் சுட்டார்கள். பலகையில் ஓட்டை வட்டமாக இல்லை. வாழைப்பூ மடல் மாதிரி நீளமாக இருந்தது. குண்டு குப்புறப் புரண்டு, பக்கவாட்டில் போய் மோதியிருக்கிறது. எங்கள் துரையின் துப்பாக்கிக் குழலுக்குள் புரி வெட்டியிருக்கும். அது குண்டைச் சுழற்றி நேராக அனுப்பும். இவருடைய குழல் உள்ளே மூங்கில் மாதிரி வழவழப்பு. முதலிலேயே உள்ளே எட்டிப் பார்த்திருக்க வேண்டும். பலகை ஈரம் என்று சொல்லிவைத்தேன். யாரும் மறுக்கவில்லை, நம்பவும் இல்லை.

ரவை வேண்டாம் என்று முதலாளியே சொல்லிவிட்டார். பத்து ரவையை வாங்கிக்கொண்டு மரை காட்டுக்குள் போய் மூன்றாம் நாள் சாகும். பாவம், யாருக்கும் பிரயோசனமில்லை. மிஞ்சியது உருண்டைக் குண்டு. தேயிலைத் தகட்டு ஈயம் மிருதுவானது. முன்னங்கால் சப்பை எலும்பில் பட்டால் நசுங்கி அங்கேயே நின்றுவிடும், நெஞ்சுக்குள் போகாது என்பது முதலாளியின் கணக்கு. எனக்கும் அது சரியாகப்பட்டது. அதன்பின் நாங்கள் இருவரும் ஒரு கட்சியாகி, மத்தியானம்வரை குண்டு வார்த்தோம். பெரிதாகப் போனால் குழலில் இறுகும், சிறிதாகப் போனால் துவக்கைச் சரிவில் கீழ்நோக்கிப் பிடித்ததும் உருண்டு வெளியே விழும். பிசிரைச் சுரண்டி, எண்ணெய்த் துணியில் சுற்றி, கோலால் இறக்கிப் பார்த்தோம். அந்தக் குளிரில் தேங்காய் எண்ணெய் நெய்போல உறைந்திருந்ததால் துணியில் பூசுவதற்கு வாகாக இருந்தது. துணிக்காக ராத்தாவின் தலையணை உறை ஒன்று போயிற்று.

"குண்டுக்கா கலியாணம், என்ட மகளுக்கா?" என்று கேட்டுக்கொண்டே அவர் கோழிக்கறியும் இடியாப்பமும் வைத்தார். முதலாளி கை கழுவப் போனதும் குரல் மாறியது.

"நான் ஆட்டிறைச்சி போதும்னுதான் சொன்னேன். காசிம் கேக்கல்ல. சபையில சொன்ன சொல்லு அவனுக்கு நாலு நாள்ல மறந்துபோகும் தம்பி. தப்பினா, அந்த வீட்டுல ஈக்கிற காலமெல்லாம் என்ட மகள்தான் கேக்கணும்."

அதுவரை குண்டு ஒரு விளையாட்டாக இருந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். மாரிமுத்து நாய்களோடு மேல்காட்டைச் சுற்றிப் போனான். முதலாளியும் நானும் மரை இறங்கும் தடத்துக்கு மேலே ஒரு பாறை மறைவில் உட்கார்ந்தோம். குண்டை நான்தான் பொறுக்கிக் கொடுத்தேன். வழவழவென்று ஒரு பிசிர் இல்லாமல் இருந்தது. துவக்குக் கெட்டித்தாயிற்று, கேப் வைத்தாயிற்று. அப்போது எனக்குத் தும்மல் வந்தது. அடக்கினேன். அடக்கிய தும்மல் இரட்டையாக வந்தது.

முதலாளி மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார். "முதலாளி, நீங்க வீட்டுக்குப் போய்க் கொத்தமல்லித் தண்ணி குடிங்க."

வேட்டைக்காரன் கீழே இறங்கினேன். வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஆற்றங்கரையில் ராத்தா கல்யாணச் சமையலுக்கான சட்டிகளைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, கத்திகளைப் பாறையில் தீட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். சற்றுத் தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்து வெயில் காய்ந்தேன். மலையே ஏல வாசனை. இப்படி இருக்கவும் நன்றாகத்தான் இருந்தது.

மேலே ஒரு வெடி கேட்டது. ராத்தாவின் கை நின்றது. பிறகு நாய்களின் சத்தம் தூரத்தில் கேட்டது, பிறகு பக்கத்தில். அடிபட்ட மரை தண்ணீரைத் தேடித்தான் ஓடிவரும். புதரைப் பிளந்துகொண்டு அது எங்களுக்கு எதிரே ஆற்றில் இறங்கியது. பெரிய கொம்பன். ஒரு முன்னங்கால் தொங்கியது. நடுமடுவில் நின்று நாய்களைக் கொம்பால் இரண்டு தடவை விரட்டியது. மூன்றாவது தடவை முடியாமல் பாறையோரம் சாய்ந்து விழுந்தது.

"காசிம்," என்று ராத்தா கூப்பிட்டார். நானும் தொண்டை கிழியக் கத்தினேன். வெகு உயரத்திலிருந்து முதலாளியின் குரல் ஏதோ சொன்னது. அவர் உடம்புக்கு அந்தச் சரிவில் இறங்கி வர நேரமாகும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். மரையின் தலை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் இறங்கியது.

"தண்ணியில மூழ்கிச் செத்தாலும் ஆகாது," என்றார் ராத்தா. தீட்டிய கத்தியில் ஒன்றை எடுத்துக்கொண்டார். "தம்பி, கொம்பப் புடிச்சுத் தலைய மேல தூக்குங்க."

நான் எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. இடுப்புவரை குளிர்ந்த தண்ணீர். கொம்பைப் பிடித்துத் தூக்கினேன். மரையின் மூச்சு என் முழங்கையில் சூடாகப் பட்டது. அதன் கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது. "இந்தப் பக்கம் திருப்புங்க," என்று மக்கா இருக்கும் மேற்குத் திசையைக் காட்டினார். திருப்பினேன். "பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்," என்று சொல்லிக்கொண்டே ஒரே இழுப்பு. எல்லாம் முடிந்து கரையேறியபின்தான் கல்லில் உட்கார்ந்து, முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

முதலாளி உருண்டு புரண்டு வந்து சேர்ந்தார். மரையைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "நீங்களா ராத்தா அறுத்த?"

"புருஷன் மௌத்தான நாள்ல இருந்து இந்த வீட்டுக் கோழி எல்லாம் ஆர் அறுத்த? நீ கண்டியில ஈக்க."

மாரிமுத்து தோலை உரித்தபோது குண்டைத் தேடினோம். முழங்காலுக்குச் சற்று மேலே, எலும்பில் நசுங்கி உட்கார்ந்திருந்தது. முதலாளி குறிவைத்ததாகச் சொன்ன சப்பையிலிருந்து அது ஒரு முழம் கீழே. "நான் இங்கதான் வச்ச," என்றார், குண்டு இருந்த இடத்தைக் காட்டி. மாரிமுத்து நாய்க்கு ஏதோ சொல்வதுபோலத் திரும்பிக்கொண்டான். அவன் பங்காக ஒரு தொடையே கொடுத்தார்கள். லயத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது பாட்டுப் பாடினான்.

ஆனால் முதலாளிக்கு மனம் ஆறவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பழைய வழக்கக்காரர்கள். பெண் அறுத்தது என்றால் கை வைப்பார்களோ மாட்டார்களோ. அறுத்தது தான்தான் என்று சொல்லிவிடலாம் என்றார். ராத்தா கேட்கவில்லை. "சாப்பிடுற ஆளுக்குச் சொல்லாம நான் போட மாட்டேன். சொல்லிப் போடு. வேணாம்னா அவங்க எழும்பட்டும்." பள்ளிவாசல் லெப்பையை அழைத்துக் கேட்டார்கள். அறுக்கும்போது உயிர் இருந்ததா, ஆண்டவன் பெயரைச் சொன்னார்களா, கத்தி கூராக இருந்ததா என்று கேட்டார். முதல் கேள்விக்கு அவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அதன் மூச்சு என் முழங்கையில் சுட்ட கதையைச் சொன்னேன். "பொறகென்ன? பொம்புள அறுத்தாலும் கூடும்," என்று லெப்பை எழுந்து போய்விட்டார். லெப்பை சொல்வது ஒன்று, சம்பந்தி வீடு சொல்வது ஒன்று என்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான்.

ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ் முடிந்து பாய் விரித்தார்கள். இவர்கள் விருந்தில் பெரிய தட்டு ஒன்றைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். சஹன் என்று பெயர். எங்கள் வீட்டில் கூடப்பிறந்த தம்பியோடுகூட நான் ஓர் இலையில் சாப்பிட்டதில்லை. என்னைச் சம்பந்தியின் தட்டில் உட்கார வைத்தார்கள். நெய்ச்சோறு மலைபோல் இருக்க, அதன் நடுவில் மரை இறைச்சி கறுத்துச் சுண்டி, மிளகும் ஏலமும் மணந்தது.

முதலாளி பேச ஆரம்பித்தார். மூன்று அச்சுகளில் ஆரம்பித்தார். நசுங்கிய குண்டை மடியிலிருந்து எடுத்துக் கொடுக்க, அது கைக்குக் கை போயிற்று. ஈயத்தின் மென்மை, எண்ணெய்த் துணி, போடிநாயக்கனூர் வேட்டைக்காரரின் யோசனை என்று கதை வளர்ந்தது. நெய்ச்சோறு ஆறிக்கொண்டிருந்தது. கத்திக்கு வருகிற வழியாக இல்லை. பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னால் யாரோ ஒரு தடவை இருமினார்கள். முதலாளி நிறுத்தினார். முகம் வேர்த்திருந்தது.

"அறுத்தது நான் இல்ல மச்சான். ராத்தா அறுத்த."

தட்டை நோக்கி வந்த கைகள் அப்படியே நின்றன. சம்பந்தி, வெள்ளைத் தாடிக்காரர், குண்டை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். "உசிர் இருந்ததா?" என்று கேட்டார், யாரையும் பார்க்காமல்.

"இருந்தது," என்றேன் நான். "கொம்பைப் பிடித்திருந்தது நான். மூச்சு என் கையில் பட்டது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வேற்று ஊர்க்காரன், வேற்று மதத்துக்காரன், மூக்குச் சிவந்து போனவன். பிறகு குண்டைப் பாயில் வைத்தார். பிஸ்மில்லாஹ் என்று சொல்லி ஒரு பெரிய துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மென்று முடித்து, திரைப்பக்கம் கேட்கும்படிச் சொன்னார்:

"சொல்லாம போட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. சொல்லிப் போட்டாங்களே. அந்தத் தாய்ட மகள்தான் எங்கட வீட்டுக்கு வாறா."

ஐந்து கைகளும் தட்டில் இறங்கின. முதலாளி பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து முகம் துடைத்துக்கொண்டார். நான் எவ்வளவு சாப்பிட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதன்மேல் முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த வட்டிலப்பமும் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை ஏலக்காயையும் ஒரு வழியாகப் பார்த்தேன்; நல்ல காய். கிளம்பும்போது ராத்தாவிடம் சொல்லிக்கொள்ளக் குசினி வாசலுக்குப் போனேன். மகள் புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் கண் சிவந்திருந்தது. கொத்தமல்லி ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். கூடவே, நசுங்கிப்போன அந்தக் குண்டையும் கழுவி என் கையில் வைத்தார். வேட்டையின் ஞாபகமாக அந்தக் கத்தியையும் தருவீர்களா என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"குண்ட நீங்க கொண்டு போங்க தம்பி," என்றார். "கத்தி எனக்கு நாளைக்கும் வேணும்."